குறுக்கே ஓட்டாத கோடு

மார்ச் 3, திங்கள்

காலை 148/94.

இந்த நோட்டு பிரஷருக்காக வாங்கியது. "தினமும் காலையில பாத்து எழுதுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னும் ரெண்டு வரி சேத்து எழுதுங்க. எதுக்கு ஏறுதுன்னு அப்பதான் தெரியும்" என்றார் எங்கள் ஊர், நாசரேத், டாக்டர். எதற்கு ஏறுகிறது என்று நோட்டுப் போடாமலே எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

கப்பலில் இருபத்தொரு ஆண்கள், நான் ஒருத்தி. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. போன வருடமே எழுதிக் கொடுத்தேன். இந்த வருடம் கதவில் 'பெண்கள் உபயோகத்தில்' என்று ஒரு அட்டை தொங்குகிறது. தாழ்ப்பாள் வாங்குவதைவிட அட்டை அச்சடிப்பது சுலபம் போலிருக்கிறது. கயிறு வாங்கி ஆணியில் கட்டிக்கொண்டேன்.

வேலை என்னவென்றால், திருச்செந்தூருக்குத் தெற்கே, கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, கடல் காற்றாலைக்கு முன்னோட்டமாகக் காற்றை அளக்கும் கோபுரம் ஒன்று நடப்போகிறார்கள். நடுவதற்கு 24ஆம் தேதி ஒரு பார்ஜ் வருகிறது. அது நான்கு இரும்புக் கால்களைக் கடலடியில் ஊன்றி, தன்னைத் தானே தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். முப்பத்து நான்கு பேர் அதன்மேல் தங்கி வேலை செய்வார்கள். கால் ஊன்றும் தரை கெட்டியா, இல்லையா? அதைச் சொல்லத்தான் நாங்கள். கப்பலுக்குப் பின்னால் ஒரு ஒலிக்கருவியை இழுத்துக்கொண்டு போவோம். சத்தம் கடல்தரைக்குள் இறங்கி, ஒவ்வொரு அடுக்கிலும் மோதித் திரும்பி வந்து, திரையில் படமாக விழும். அந்தப் படத்தைப் படிக்கிறவள் நான். பதினாறு வருடமாக இதுதான் சோறு போடுகிறது.

ஓட்ட வேண்டிய கோடுகளின் வரைபடத்தைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு கோடு, எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கு. வடக்கு தெற்காக ஒன்றுகூட இல்லை.

"குறுக்கு லைன் எங்க சார்?" என்று கேட்டேன். திரவியம் சார்தான் கப்பலில் எங்கள் தலைவர்.

"குறுக்க வேண்டாம்மா. ஏழு வருசத்துக்கு முந்தியே இந்த ஏரியாவப் பாத்தாச்சு. ஒரே மணல்னு ரிப்போர்ட் இருக்கு. நாம சும்மா ஒரு உறுதிப்படுத்தல், அவ்வளவுதான்."

தரைக்கு அடியில் ஒரு பள்ளம் மேற்கு கிழக்காகப் புதைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாமும் மேற்கு கிழக்காகவே போனால் அதன் நீளத்தோடு ஓடுவோம். படத்தில் எல்லாம் சமதளமாகத்தான் தெரியும். குறுக்கே வெட்டிப் போனால்தான் இரண்டு கரையும் தெரியும். இது கல்லூரியில் முதல் வருடம் சொல்லிக்கொடுப்பது. ஏழு வருடத்துக்கு முன்பும் குறுக்குக் கோடு ஓட்டாமல் விட்டிருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ. கட்டிவைத்து உதைக்க வேண்டும்.

மார்ச் 4

152/96. சாம்பாரில் உப்பு அள்ளிக் கொட்டுகிறான் சமையல்காரன்.

மார்ச் 5, புதன்

150/94.

கப்பலில் கித்தேரியான் என்று ஒருவர் இருக்கிறார். சர்வே கப்பலில் உள்ளூர் மீனவர் ஒருவரை ஏற்றிக்கொள்வது வழக்கம். எங்கே வலை விரித்திருக்கிறது, எந்தப் படகு குறுக்கே வருகிறது என்று வயர்லெஸ்ஸில் பேசிக் கப்பலுக்கு வழி சொல்வது அவர் வேலை. அவர் "வலை கிடக்கு" என்று சொன்னால் கேப்டன் சுற்றித்தான் போக வேண்டும். வலையை அறுத்தால் கரையில் பெரிய பஞ்சாயத்து ஆகிவிடும். ஐம்பது வயசிருக்கும். இன்று சாம்பல் புதன், அவருக்கு ஒருபொழுது விரதம். சமையல்காரன் அதே நாளில் கோழி போட்டுவிட்டான் என்று வெறும் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

அப்போது ஏழாவது கோடு ஓடிக்கொண்டிருந்தது. பார்ஜ் நிற்கப்போகிற இடத்துக்கு நேர் மேலே. மேலே மெல்லிசாக ஒரு கோடு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மங்கல். பக்கத்துக் கோடுகளில் அடுக்குகள் வரிசையாகத் தெரிந்தன. இதில் மட்டும் திரை தூங்குகிறது.

"என்ன மேடம், படம் வரலியோ?"

"வருது. தெளிவா இல்ல."

"இந்த எடத்துல அப்படித்தான். பங்குனியில கடல் கண்ணாடி கணக்கா கெடக்கையில பாத்தா, இதுக்க நேரா தண்ணியில கொப்புளம் வரும். பொடிப்பொடியா. கெழக்க பாத்து நெடுக வரும்."

"மீனா இருக்கும் அண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். படித்தவளிடம் வந்து பாடம் நடத்துகிறாராக்கும்.

பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் ஓடவில்லை. கொப்புளம் என்றால் வாயு. வாயு என்றால் அடியில் மக்கிப்போன இலைதழை, சேறு. வாயு இருக்கும் சேற்றுக்குள் சத்தம் இறங்காது; படம் மங்கும். நெடுக வருகிறது என்றால் அந்தச் சேறு நெடுக ஓடுகிறது. கடலடியில் நெடுக ஓடுவது எது?

மார்ச் 6

158/98. குறுக்கே ஒரே ஒரு கோடு ஓட்டுங்கள், நாற்பது நிமிட வேலை என்றேன். வரைபடத்தில் இல்லாததை ஓட்ட எனக்கு அதிகாரம் இல்லை என்றார் திரவியம் சார். அதிகாரம் உள்ளவரைக் கேளுங்கள் என்றேன். அவர் லீவில் இருக்கிறாராம்.

"பார்ஜ் ஏறுற முப்பத்து நாலு பேருக்கு நீங்க பதில் சொல்வீங்களா சார்?"

"பியூலா, ஒங்க பிரஷர் மாத்திரைய போட்டீங்களா?"

மாத்திரை போட்டாயிற்று. இந்த மனுசனுக்கு ஏதாவது மாத்திரை இருந்தால் தேவலை.

இதெல்லாம் நடக்கும்போது கித்தேரியான் வெளியே கயிறு சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். சாயங்காலம் வந்து, "முப்பத்து நாலு பேருன்னு சொன்னியளே, என்ன வெசயம்?" என்று கேட்டார். சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

இருபதாயிரம் வருடத்துக்கு முன்னால் கடல் இங்கே இல்லை. உலகத்துத் தண்ணீரில் பெரும்பங்கு பனியாக உறைந்து கிடந்தது; கடல் மட்டம் நூற்றிருபது மீட்டர் கீழே. நாம் மிதக்கிற இந்த இடம் அப்போது தரை. மலையிலிருந்து வருகிற ஆறு கடலைத் தேடி இன்னும் தூரம் ஓட வேண்டியிருந்தது. ஓடுகிற வழியில் தரையை ஆழமாக வெட்டியது. பிறகு பனி உருகியது, கடல் ஏறி வந்தது. ஆற்றின் வேகம் செத்தது. வெட்டிய பள்ளத்துக்குள் தானே கொண்டுவந்த மணலையும் சேற்றையும் போட்டு மூடியது. மேலே அலை வந்து இரண்டு மீட்டருக்கு மணலை நிரவிவிட்டுப் போனது. இன்றைக்கு மேலே பார்த்தால் மேசைபோலச் சமதளம். அடியில் இருபது மீட்டருக்குக் கொழகொழ. பார்ஜ் கால் ஊன்றும்போது அந்த இரண்டு மீட்டர் மணல் முதலில் தாங்கும். எடை ஏற ஏற உடையும். உடைந்தால் கால் ஒரே மூச்சில் உள்ளே போகும்.

கித்தேரியான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த பார்ஜ்ல எம் மச்சினன் ரொசாரி வெல்டரா இருக்கான்" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

146/92.

ஒன்பதாவது கோடு பாதி போயிருந்தோம். கித்தேரியான் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டுக் கேப்டனிடம் போனார். "சார், முன்னால வலை கெடக்கு. நம்ம பயலுவ விரிச்சிருக்கானுவ. நேரே தெக்க இறக்கி, சுத்திக் கொண்டு வாங்க."

கேப்டன் திருப்பினார். கருவியை இழுத்து மேலே ஏற்றட்டுமா என்று பையன்கள் கேட்டார்கள். "சின்னச் சுத்துதான, கெடக்கட்டும்" என்றேன். பதிவும் ஓடட்டும் என்றேன். கப்பல் வடக்கிலிருந்து தெற்காக, பார்ஜ் நிற்கப்போகிற இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

பத்தேகால் மணிக்கு வந்தது. முதலில் அடுக்குகள் வரிசையாக ஓடின. அப்புறம் ஒரே வெட்டு. வடகரை சரிந்து இறங்கியது. உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்த மணல், அதன்மேல் சேறு, சேற்றில் வாயு மங்கல். முந்நூறு மீட்டர் தாண்டித் தென்கரை ஏறியது. கரைக்குக் கரை ஒரு ஆறு, தண்ணீர் மட்டும் இல்லை. எழுந்து நின்றுவிட்டேன். அழகாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

வெளியே வந்து கடலைப் பார்த்தேன். ஒரு மிதவை இல்லை, ஒரு படகு இல்லை.

"வலை எங்க அண்ணே?"

"எடுத்துட்டுப் போயிட்டானுவ போல" என்றார் கித்தேரியான், என் முகத்தைப் பார்க்காமல்.

தெரிந்தால் அவருக்கு இனி எந்தக் கப்பலிலும் வேலை கிடையாது.

மார்ச் 8, சனி

166/102.

படத்தை அச்செடுத்துக்கொண்டு போய்த் திரவியம் சார் மேசையில் விரித்தேன். நிறைய நேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, அதுதான் எரிச்சல். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, காது மடல் சிவந்துவிட்டது.

"இது திட்டத்துல இல்லாத லைன். கப்பல் திரும்பும்போது எடுத்தது. கணக்குல வராது."

"ஆறு கணக்குல வருமா சார்?"

"பார்ஜ் தூத்துக்குடியில வந்து நிக்குது. எடத்த மாத்தணும்னா அனுமதி எல்லாம் மொதல்ல இருந்து வாங்கணும். அடுத்த சீசன் ஆயிரும். மேல இருக்கவங்க ஏழு வருசத்துக்கு முந்தின ரிப்போர்ட்ட காட்டி, 'அப்ப இல்லாத ஆறு இப்ப எப்படி வந்துச்சு'ன்னு கேட்பாங்க. அந்த ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்த நான் இதுவரைக்கும் யாருக்கும் பிரிச்சுக் காட்டல. அத நெனச்சுக்கோங்க."

என்ன சொல்கிறாரோ. துணி துவைக்க வேண்டியிருந்தது, வந்துவிட்டேன். நல்ல தண்ணீர் ரேஷனாம், ஆளுக்கு ஒரு வாளி.

மார்ச் 9

168/104. உப்பு.

மார்ச் 11, செவ்வாய்

கரை ஏறினோம். வீடு. காலையில் எடுக்கவில்லை.

மகள் ஹெப்சி கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாமல் வந்திருக்கிறாள். டீச்சர் பாதி மதிப்பெண் வெட்டிவிட்டார். "விடை சரிதானம்மா, எதுக்கு வெட்டணும்?" என்று ஒரே அழுகை. வழி எழுதாமல் விடை சொன்னால் நாளைக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும் என்று கத்திவிட்டேன். ஏழரை வயசுப் பிள்ளை. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து, "அவள ஏன் ஏசுத? கப்பல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

மார்ச் 12, புதன்

162/100.

பரண்மேல் பழைய பெட்டி இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முந்தைய சர்வேயின் குறிப்பேட்டு நகல் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் தேதியே தெரியும். டாக்டர் எதற்கு ஏறுகிறது என்று எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

அந்தப் புண்ணியவான் நான்தான்.

அன்றைக்குத் திட்டத்தில் நான்கு குறுக்குக் கோடுகள் இருந்தன. மேற்கு கிழக்குக் கோடுகள் முடிந்தபோது வியாழக்கிழமை. குறுக்கே ஓட்ட இன்னும் மூன்று நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிக்கு ஞானஸ்நானம். சர்ச் ஐயருக்குச் சொல்லி, சொந்தபந்தத்துக்கெல்லாம் அழைப்புக் கொடுத்து, நாற்பது கிலோ ஆட்டுக்கறிக்குச் சொல்லியாயிற்று. ஒரே ஒரு கோட்டில் மட்டும் படம் மங்கலாக இருந்தது. இப்போது ஏழாவது கோடு ஓடிய அதே இடம். 'கடல் கொந்தளிப்பால் தெளிவில்லை. தரை ஒரே சீரானது. குறுக்குக் கோடுகள் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரவியம் சார் சரி என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்தேன்.

குறிப்பேட்டில் கப்பல்காரர்கள் அந்த நாளுக்கு எழுதியிருப்பது: கடல் அமைதி, காற்று இல்லை.

பத்து நாளாக யார்மேல் கோபப்பட்டேன் என்று முந்தின பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. அதற்காகத் திரவியம் சார் செய்வது சரியாகிவிடாது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கு அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் தெரியும்.

மார்ச் 13, வியாழன்

அறிக்கையின் வரைவு வந்தது. பன்னிரண்டு கோடுகளும் இருக்கின்றன. குறுக்குப் படம் இல்லை. ஏழாவது கோட்டுக்குக் கீழே 'கடல் கொந்தளிப்பால் தெளிவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். என் வாக்கியம். ஏழு வருடத்துக்கு முந்தைய வாக்கியத்தை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

ஒரு பொய்யைக்கூட அவர்களாக யோசித்துச் சொல்ல மாட்டார்களா? என்னுடையதையேதான் எடுக்க வேண்டுமா?

கையெழுத்துப் போடவில்லை. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஏழு வருடத்துக்கு முன் நான் செய்தது, அதன் காரணம், இப்போது பார்த்தது, படத்தின் நகல், எல்லாம். மூன்று தடவை எழுதிக் கிழித்து நாலாவது தடவை பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆட்டுக்கறியை மட்டும் எழுதவில்லை.

மார்ச் 17, திங்கள்

172/106.

பதில் மெயிலில் வந்துவிட்டது. திருமதி பியூலா செல்வின் தம் முந்தைய ஆய்வில் கவனக்குறைவாக இருந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டிருப்பதால், அவருடைய இப்போதைய கருத்தையும் நம்பகமானதாக ஏற்க இயலவில்லை. அவர் இத்திட்டத்திலிருந்தும் பணியிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார். அறிக்கை வேறொருவர் கையெழுத்துடன் அளிக்கப்படும்.

நாலு தடவை படித்தேன். ஏழு வருடம் பொய் சொன்னபோது என்னை நம்பினார்கள். உண்மை சொன்ன நாளில் நம்பிக்கை போய்விட்டது. பொய் சொன்னேன் என்று நான் சொல்வதை மட்டும் நம்புகிறார்கள். எதில் பொய் சொன்னேன் என்பதை நம்ப மாட்டார்களாம். அந்தப் பழைய அறிக்கையையாவது தூக்கிப் போட்டார்களா? அதை வைத்துத்தான் பார்ஜை நிறுத்தப்போகிறார்கள்.

பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டு தடவை விளக்கினேன். ஒரு தம்ளர் நசுங்கிவிட்டது.

மார்ச் 19, புதன்

கித்தேரியான் போன் செய்தார். "தங்கச்சி, பார்ஜ் துறைமுகத்துல நிக்குது. அதுக்கு ஒரு கேப்டன் இருக்காரு. கால் ஊணுறதும் ஊணாததும் அவரு கையிலதான். என்கூட வாங்க, பாப்போம்."

நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ். கேப்டன் சதக்கத்துல்லா கீழக்கரைக்காரர், அறுபதை நெருங்குகிறவர். நோன்பு. எனக்கு மட்டும் டீ கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து இரண்டே மடக்கில் குடித்து முடித்தேன். படத்தை விரித்துக் காட்டினேன். அவர் அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஒரே மணல்னு இருக்கு. பழைய ரிப்போர்ட்லயும் அப்படித்தான். பழசுல கையெழுத்து யாரு?"

"நான்தான் கேப்டன்."

"அப்ப மணல்னு சொன்னீங்க. இப்ப சேறுங்கிறீங்க. நான் எதை நம்புறது?"

"அப்ப சொன்னது வீட்டுக்குப் போறதுக்காகச் சொன்னது. அதுக்கு எனக்கு மூணு நாள் லீவு கெடச்சுது. இப்ப சொல்லுததுக்கு வேலை போச்சு. ரெண்டுல எது நெசம்னு நீங்களே பாத்துக்கோங்க."

அவர் சிரிக்கவில்லை. கித்தேரியானைப் பார்த்தார். "வலை கெடக்குன்னு சொன்னாத்தான் சர்வே கப்பல் இப்படிக் குறுக்க திரும்பும். சொன்ன ஆளு நீங்கதானா?"

"வலை கெடந்துச்சு கேப்டன்."

"ம்."

படத்தில் கால் ஊன்றும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரிப்போர்ட் சரின்னு இருக்கும்போது நான் போக மாட்டேன்னு சொல்ல முடியாது. சொன்னா நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அவன் ஒண்ணும் தெரியாம ஊணுவான். கால ஊணி, தொட்டியில தண்ணி ஏத்தி எடை பாப்போம்ல, அந்த நேரத்துக்கு ஆள எல்லாம் எறக்கி, பார்ஜ இழுத்துட்டு வர்ற டக் போட்ல ஏத்திர்றேன். கால் ஒண்ணுக்கு ஒருத்தர், நானு, எலக்ட்ரீசியன். ஆறு பேர் இல்லாம முடியாது."

"அந்த ஆறுல ரொசாரி வேண்டாம் கேப்டன்" என்றார் கித்தேரியான்.

"கால் எறக்குற வேலை தெரிஞ்சவன் அவன்தாங்க."

மார்ச் 24

160/98. பார்ஜ் கிளம்பிவிட்டது. வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி. தீப்பந்தம் கட்டிப் பொசுக்கினேன்.

மார்ச் 25, செவ்வாய்

பதினொன்றரைக்குக் கித்தேரியான் போன்.

எடை ஏற்ற ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை. நான்கு காலும் நின்றன. டக்கில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு, இந்தப் பொம்பளை பேச்சைக் கேட்டு நம்மை இறக்கிவிட்டான் பார் என்று கேப்டனைக் கேலி பேசினார்களாம். பிறகு தென்மேற்குக் கால் ஒரே இறக்கமாக உள்ளே போனது. ஏழு மீட்டர். பார்ஜ் அந்தப் பக்கம் சாய்ந்தது. கட்டிவைக்காத சாமான் எல்லாம் தளத்தில் உருண்டு கடலுக்குள் விழுந்தன. இருபத்தெட்டுப் பேர் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு ஜெனரேட்டர் போய் முட்டி நின்றது.

ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ரொசாரிக்கு இடது தோள்பட்டையும் மூன்று விலா எலும்பும் உடைந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

உட்கார்ந்து அழுதேன். நிம்மதியா, கோபமா தெரியவில்லை. இரண்டும்தான்.

மார்ச் 29, சனி

செய்தித்தாளில் நான்காம் பக்கம், இரண்டு பத்தி. 'முன்கூட்டி அறிய இயலாத இயற்கை அமைப்பு' காரணமாக விபத்து என்று கம்பெனி தெரிவித்திருக்கிறது.

முன்கூட்டி அறிய இயலாததாம். அதற்கு அகலம் முந்நூறு மீட்டர். வடகரை எத்தனை சரிவு, தென்கரை எத்தனை சரிவு என்று நான் சொல்வேன். பத்தேகால் மணி என்று நேரம்கூடச் சொல்வேன்.

மத்தியானம் ஆள் வந்து ஒரு உறை கொடுத்துவிட்டுப் போனான். பின்னாலேயே திரவியம் சார் போன்.

"பியூலா, விசாரணைக்கு ஆபீசர் வர்றார். அதுக்கு ஒரு உறுதிமொழி வேணும். பழைய சர்வேயில இந்த ஆறு தெரிய வாய்ப்பே இல்லன்னு, அதப் படிச்சவங்கற முறையில நீங்க ஒரு கையெழுத்து. சாட்சிக்கு ஒருத்தர் போட்டா போதும். அவ்வளவுதான்."

"நான் எழுதின லெட்டர் ஒங்ககிட்ட இருக்குல்லா சார்? அதுல வேற மாதிரி இருக்கே."

"எந்த லெட்டர்? ஃபைல்ல அப்படி ஒண்ணு இல்ல. திங்கக்கெழமையில இருந்து நீங்க வேலைக்கு வரலாம். பழைய ரிப்போர்ட்ட யாரும் தோண்ட மாட்டாங்க. ஒங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

என் பொய் அவர்களுக்கு மறுபடி தேவைப்படுகிறது. இந்தத் தடவை அது என்னையும் காப்பாற்றும்.

அரிசி களைந்தேன். ஹெப்சிக்குப் பேன் சீப்பால் வாரிவிட்டேன். அந்தத் தாள் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன். ஒரு புள்ளி விழுந்துவிட்டது. இதை எழுதாமல் விட்டால் நான் ஏதோ உத்தமி என்று நானே நம்பிவிடுவேன். புள்ளி விழுந்தது.

மார்ச் 31, திங்கள்

154/96.

அவர்கள் அச்சடித்த வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தேன். கீழே என் கையால் எழுதினேன்: 'ஏழு வருடத்துக்கு முந்தைய தரவில் இந்த ஆற்றின் அடையாளம் தெரிந்தது. கடல் அமைதியாக இருந்தது. நான் வீட்டுக்குப் போக அவசரப்பட்டு, கொந்தளிப்பு என்று பொய் எழுதினேன். இந்த மாதம் 7ஆம் தேதி ஆற்றை முழுதாகப் பார்த்தேன், 8ஆம் தேதி என் மேலாளரிடம் காட்டினேன், 13ஆம் தேதி கம்பெனிக்கு எழுதினேன்.' பதிவுத் தபால் ரசீதின் நகலைப் பின்னால் குத்தினேன். இந்தத் தாள் கம்பெனிக்கு இல்லை, நேராக விசாரணை அதிகாரிக்கு.

சாட்சி வேண்டும். வீட்டுக்காரர் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ரொசாரிக்கு முப்பது வயசுகூட இருக்காது. தோளிலிருந்து இடுப்புவரை கட்டு. கித்தேரியான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். "மாப்ள, நான் சொன்னேம்லா, அந்த மேடம் இவங்கதான்" என்றார். ரொசாரி எழ முயன்றான். "ஒங்களாலதான் மேடம் இருபத்தெட்டு பேரு தப்பிச்சோம்னு எல்லாரும் பேசிக்கிட்டாவ" என்றான். தாளை அவன் கையில் கொடுத்தேன்.

மெதுவாகப் படித்தான். உதடு அசைந்தது. முடித்துவிட்டு மறுபடி மேலே போய் ஒரு வரியைப் படித்தான்.

"ஏழு வருசத்துக்கு முந்தியே தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கணும். மூணு நாள் கூட இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"எதுக்கு இருக்கல?"

"மகளுக்கு ஞானஸ்நானம்."

கித்தேரியான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். அவரிடமும் இதை நான் சொல்லியிருக்கவில்லை. கப்பலில் வாசலில் உட்கார்த்தி வைத்து மணிக்கணக்காகத் திட்டினேனே, அந்த ஏழு வருடத்து ஆளை, அப்போதுகூடச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றான் ரொசாரி. "ரெண்டுக்கும் ஞானஸ்நானத்துக்கு நான் ஊர்ல இல்ல. பார்ஜ்ல இருந்தேன்."

அவன் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனா கேட்டான். கொடுத்தேன். நெஞ்சில் தாளை வைத்து எழுத முடியாமல் மூச்சு வாங்கியது. கித்தேரியான் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அடியில் பிடித்தார். முழுப் பெயரையும், அப்பா பெயரையும், ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"இதுல அவங்க மாட்டுவாங்களா?"

"மாட்டுவாங்க."

"நீங்களும் மாட்டுவீங்கல்லா?"

"ஆமா."

"சரி" என்று சொல்லித் தாளை என்னிடம் கொடுத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். நான் கதவுவரை வந்தபோது கித்தேரியான் பின்னால் வரவில்லை.